வெண்கலப் பதக்கத்தைக் கொடுத்து இரும்புச் சிலுவை வாங்காதீர்கள்

பழைய போர்ப் பதக்கங்களையும் நினைவுப்பொருள்களையும் மதிப்பிடுவது என் தொழில். போன வாரம் ஓர் இளைஞர் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்த பொருளை என் மேசையில் பிரித்து வைத்தார். 1939 என்று பொறித்த, ஜெர்மானிய ராணுவ விருதான இரும்புச் சிலுவை, இரண்டாம் வகுப்பு. "ஒரிஜினல்னு சொல்லித்தான் சார் கொடுத்தாங்க. காந்தம்கூட ஒட்டுது பாருங்க" என்றார். காந்தம் ஒட்டத்தான் செய்தது. ஆனால் லென்ஸை வைத்து ஓரத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அசலில் கறுப்புப் பூசிய இரும்புத் துண்டு நடுவில் இருக்கும். வெள்ளி நிறச் சட்டத்தின் இரண்டு பாதிகள் முன்னும் பின்னும் அதைக் கவ்விக்கொண்டு, ஓரத்தில் பற்றவைக்கப்பட்டிருக்கும். அந்த இணைப்புக் கோட்டை எவ்வளவு தேய்த்திருந்தாலும் எங்காவது ஓரிடத்தில் பார்த்துவிடலாம். இதில் கோடே இல்லை. முழுச் சிலுவையும் ஒரே வார்ப்பு, நடுவில் கறுப்புப் பெயின்ட். எண்களின் மூலைகள் கரைந்த சோப்பு மாதிரி மழுங்கியிருந்தன. இடுக்குகளில் ஊசிமுனை அளவுக் குழிகள்.

போலியை வாங்கி வருகிறவர்களை நான் வாரம் தவறாமல் பார்க்கிறேன். அதற்காக மட்டும் இதை எழுத உட்காரவில்லை. இதை வாங்கப் பணம் எப்படிப் புரட்டினீர்கள் என்று பேச்சுவாக்கில் கேட்டேன். கொள்ளுத்தாத்தாவின் பதக்கம் ஒன்று வீட்டில் இருந்ததாம், அதை விற்றாராம். செல்போனில் படம் காட்டினார். முதல் உலகப் போருக்கான பிரிட்டிஷ் போர்ப் பதக்கம். "வெறும் வெண்கலம்தான் சார், வெள்ளிகூட இல்ல."

எனக்கு வயிறு எரிந்தது. அந்தப் பதக்கம் வெள்ளியில் சுமார் 65 லட்சம் பேருக்கு வழங்கப்பட்டது. வெண்கலத்தில் சுமார் 1 லட்சத்து 10 ஆயிரம்தான். சீனா, இந்தியா, மால்டா போன்ற இடங்களிலிருந்து தொழிலாளர் படைகளில் போனவர்களுக்குக் கொடுத்தது அது. தண்டவாளம் போட்டவர்கள், மூட்டை இறக்கியவர்கள், பதுங்குகுழி வெட்டியவர்கள். சீனத் தொழிலாளர் படைக்கான பதக்க விளிம்பில் ஆள் பெயர்கூட இருக்காது. ஓர் எண்ணும் படையின் பெயரும் மட்டும் இருக்கும். உலோகத்தில்கூட அவர்களை ஒரு படி கீழே வைத்தார்கள். நூறு வருடம் கழித்து அதே உலோகத்தைக் காரணம் காட்டி வீட்டார் அதை விற்கிறார்கள், அதுவும் ஒரு வார்ப்புச் சிலுவைக்காக. இந்த மாதிரிக் கதை இந்த மாதத்தில் இது மூன்றாவது.

எல்லாரும் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். ஏன் ஜெர்மானியப் பொருளுக்கு மட்டும் இவ்வளவு கிராக்கி? அந்த ராணுவம் உயர்ந்தது என்பதாலா? அந்தப் பொருள்கள் அரிதானவை என்பதாலா? இரண்டும் இல்லை.

அரிது என்றால் விலை அதிகம் என்ற நம்பிக்கைதான் இந்தத் தொழிலில் என்னை அதிகம் சோர்வடையச் செய்வது. தயவுசெய்து இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். 1813இல் பிரஷ்ய மன்னர் தொடங்கிய இரும்புச் சிலுவையை 1870, 1914, 1939 என்று மூன்று முறை புதுப்பித்தார்கள். 1914 பதிப்பின் இரண்டாம் வகுப்புச் சிலுவை மட்டும் சுமார் 50 லட்சம் பேருக்குப் போனது. 1939 பதிப்பின் சிலுவையும் 20 லட்சத்தைத் தாண்டியது. இவை அரிதான பொருள்களே அல்ல. மறுபக்கம் ருமேனியா, பல்கேரியா, ஹங்கேரி நாடுகளின் விருதுகளை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கையில் இதில் ஒரு சிறு பங்குகூட இல்லாதவை பல உண்டு. கொண்டுவருகிறவரிடம் "இது அரிதானது" என்று நான் சொன்னால் முகம் மலரும். "ஆனால் வாங்க ஆள் இல்லை" என்று சொன்னதும் என்னைச் சந்தேகமாகப் பார்ப்பார். உலகில் பத்தே பத்து இருந்தாலும், தேடுகிறவர் ஐந்து பேர்தான் என்றால் விலை ஏறாது. 50 லட்சம் இருந்தாலும், ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாகத் தேட ஆள் வந்துகொண்டே இருந்தால் விலை இறங்காது. தேடும் ஆள்தான் விலை. பொருளின் எண்ணிக்கை அதற்கு அப்புறம்தான். வீரம், தியாகம் எல்லாம் அதற்கும் அப்புறம். விலைப்பட்டியலைப் பார்த்து எந்த நாட்டு வீரன் பெரியவன் என்று முடிவு செய்யாதீர்கள்.

சரி, தேடும் ஆள் ஏன் ஜெர்மனிப் பக்கம் போகிறார்? தோற்ற ராணுவத்தின் பொருள்தான் ஊர் ஊராகப் பரவும். 1945இல் வென்றவர்கள் மூட்டை கட்டி வீட்டுக்கு எடுத்துப் போனது கத்தி, பேட்ஜ், ஹெல்மெட், கொடி. அமெரிக்கா, பிரிட்டன், கனடா வீட்டுப் பரண்களில் அவை பல பத்தாண்டுகள் கிடந்தன. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து சேகரிப்பாளர்கள் ஆனபோது சந்தையும், அதற்கான கையேடுகளும் ஆங்கிலத்தில் உருவாகிவிட்டன. கையேடு இருக்கும் நாட்டுப் பொருளை வாங்கப் பயம் இருக்காது. பல்கேரியப் பதக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு எந்தப் புத்தகத்தைப் பார்ப்பது என்று தெரியாதவர் அதைக் கீழே வைத்துவிடுவார்.

இன்னொன்று, நாஜி ஆட்சி சீருடையைப் பிரசாரமாகவே பயன்படுத்தியது. படையினருக்கு மட்டும் அல்ல. ரயில்வே, சுங்கம், வனத்துறை என்று பிரிவு பிரிவாகச் சீருடையும் சின்னமும் உண்டு. பல பிரிவுகளுக்குத் தனித்தனிக் குறுவாளும் உண்டு. ஒரே பேட்ஜைப் பல கம்பெனிகள் செய்தன, ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு. முடிவே இல்லாத பட்டியல் அது, சேகரிக்கும் பழக்கம் உள்ளவரை அப்படியே உள்ளே இழுத்துவிடும். அதற்கு மேல் சினிமாவும் தடையும் சேர்ந்துகொண்டன. தடை செய்த பொருள் என்றதும் சிலருக்குக் கை துறுதுறுக்கிறது. அந்தச் சின்னத்தை மதித்து வாங்க வருகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு நான் மதிப்பிட்டுக் கொடுப்பதில்லை, வாசலிலேயே சொல்லிவிடுவேன்.

பிரிட்டிஷ் பதக்கங்களின் கிராக்கி வேறு வகை. அங்கே விளிம்பில் எண், பதவி, பெயர், ரெஜிமெண்ட் எல்லாம் இருக்கும். பெயர் இருந்தால் ஆளைத் தேடலாம். முதல் உலகப் போர் வீரர்களின் பணிக் கோப்புகளில் சுமார் 60 சதவீதம் 1940 குண்டுவீச்சில் எரிந்துபோயின. ஆனாலும் யாருக்கு என்ன பதக்கம் என்று குறித்த அட்டைகள் மிஞ்சின. 1916 ஜூலை 1, பிரான்சில் நடந்த சோம் போரின் முதல் நாள், ஒரே நாளில் 19,240 பிரிட்டிஷ் வீரர்கள் இறந்தார்கள். அவர்களில் ஒருவரின் பெயர் விளிம்பில் இருந்தால், கிடங்கு எழுத்தருக்குப் போன அதே பதக்கத்தைவிட விலை பல மடங்கு. அதே வெள்ளி, அதே எடை. பிரெஞ்சுப் போர்ச் சிலுவையில் பெயர் பொறிப்பதில்லை. அது யாருடையது என்று தெரியாததால் பெட்டியின் அடியிலேயே கிடக்கிறது. இரண்டாம் உலகப் போருக்கான நட்சத்திர வடிவப் பதக்கங்களைப் பிரிட்டன் பெயர் பொறிக்காமலேயே கொடுத்தது. இந்திய, ஆஸ்திரேலிய, தென்னாப்பிரிக்கப் படையினருக்குப் பெயர் பொறித்தே கொடுத்தார்கள். குடும்பங்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சோவியத் விருதுகளில் பெயருக்குப் பதிலாக எண். செந்நட்சத்திர விருதின் பின்பக்க எண்ணை வைத்து, ஆவணம் கிடைத்தால், வாங்கியவர் யார், எதற்கு வாங்கினார் என்பதுவரை போகலாம். 1991க்குப் பிறகு அவை வெளிநாட்டுச் சந்தையில் குவிந்தன. ஆனால் ரஷ்யாவுக்குள் அவற்றை வாங்குவதும் விற்பதும் குற்றவியல் சட்டம் 324ஆம் பிரிவின்படி குற்றம். ஜப்பானிய வாளில் கதை வேறு. "சாமுராய் வாள்" என்று கொண்டுவருவதில் பல, அதிகாரி அல்லாதவர்களுக்காக இயந்திரத்தில் செய்தவை. கைப்பிடியில் துணி சுற்றியதுபோலத் தெரிவதே உலோக வார்ப்பு, அலகில் வரிசை எண் அடித்திருக்கும். அது அசலான போர்க்காலப் பொருள்தான், அதில் குறை ஒன்றும் இல்லை. சாமுராய் வாள் மட்டும் இல்லை.

கிராக்கி எங்கே இருக்கிறதோ போலியும் அங்கேதான் வரும். அதிலும் மோசமானது முழுப் போலி அல்ல, பாதிப் போலி. 1983இல் ஹிட்லர் நாட்குறிப்பு என்று ஒரு ஜெர்மன் வார இதழை ஏமாற்றிய கோன்ராட் குயாவ் முதலில் செய்தது நினைவுப்பொருள் வியாபாரம். முதல் உலகப் போரின் சாதாரண ஹெல்மெட் ஒன்றோடு, ஹிட்லரே அணிந்தது என்று ஒரு பொய்க் குறிப்பை எழுதிச் சேர்த்து விற்றவர் அவர். ஹெல்மெட் அசல், கதைதான் போலி. இன்றும் அப்படித்தான் நடக்கிறது. பழைய ஜெர்மானிய ஹெல்மெட் அசலாக இருக்கும், பக்கவாட்டில் ஒட்டிய சின்னம் புதிதாக இருக்கும். பிரிட்டிஷ் பதக்கத்தில் எழுத்தர் பெயரைத் தேய்த்து அழித்து, சோமில் இறந்தவர் பெயரைப் பொறிப்பார்கள். நான் வெர்னியர் காலிப்பரை எடுத்துக் குறுக்களவு பார்ப்பதைக் கண்டு சிரிப்பவர்கள் உண்டு. தேய்த்த விளிம்பு மெலிந்துதான் இருக்கும், அளவுகோலில் பிடிபட்டுவிடும்.

புற ஊதா விளக்கை வாங்கி வைத்துக்கொண்டு "ஒளிரவில்லை, அதனால் அசல்" என்று தீர்ப்புச் சொல்கிறவர்களும் அதிகமாகிவிட்டார்கள். ஒளிரும் நூல் என்றால் பிற்காலத்து நூலோ என்று சந்தேகப்படலாம், அவ்வளவுதான். அசல் சட்டையை யாராவது இன்றைய சோப்புத் தூளில் துவைத்திருந்தாலும் அது ஒளிரும். ஒளிராத நூலில் இன்றைக்கும் தைக்கலாம். காந்தமும் அப்படித்தான். போலி செய்கிறவனுக்கு இரும்பு கிடைக்காதா என்ன?

1957இல் மேற்கு ஜெர்மனி ஒரு சட்டம் போட்டு, நாஜி காலப் பதக்கங்களில் ஸ்வஸ்திக் சின்னத்தை நீக்கிய பதிப்புகளை அணிய அனுமதித்தது. இரும்புச் சிலுவையில் அந்த இடத்தில் ஓக் இலைகள் வந்தன. அதை "ரகசியப் பதிப்பு" என்று சொல்லி யாராவது விற்றால் நம்பாதீர்கள். ஸ்வஸ்திக் உள்ள பொருளைப் பொதுவில் காட்டுவதும் பரப்புவதும் ஜெர்மனியில் குற்றவியல் சட்டம் 86ஏ பிரிவின்படி குற்றம். கல்வி, ஆய்வு போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. ஈபே 2001இலேயே நாஜிப் பொருள்களுக்குத் தடை போட்டது. அமெரிக்காவின் மிக உயர்ந்த ராணுவ விருதான மெடல் ஆஃப் ஹானரை வாங்குவதும் விற்பதும் அங்கே குற்றம். எல்லை தாண்டி வாங்குகிறவர்கள் இரண்டு பக்கச் சட்டத்தையும் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

இனிச் சொல்லப்போவதைக் கெஞ்சியே கேட்கிறேன். ஜெர்மானியப் படைவீரரின் அடையாளத் தகடு ஒரு முட்டை வடிவத் துண்டு. நடுவே வரிசையாகத் துளை இருக்கும், இரண்டு பாதியிலும் ஒரே விவரம். வீரர் இறந்தால் ஒரு பாதியை உடைத்து மேலிடத்துக்கு அனுப்புவார்கள், மறுபாதி உடலோடு போகும். ஆகவே மண் ஒட்டிய, உடையாத முழுத் தகடு ஒன்று விற்பனைக்கு வந்தால் அதன் அர்த்தத்தை யோசியுங்கள். அந்த ஆள் இறந்ததை யாரும் பதியவே இல்லாமல் இருந்திருக்கலாம். அவர் யார் என்று சொல்ல மண்ணுக்குள் இருந்தது அந்தத் தகடு மட்டும்தான். கள்ளத்தனமாகத் தோண்டி எடுத்து விற்ற நிமிடமே அந்த எலும்புகளுக்குப் பெயர் இல்லாமல் போகிறது. சோவியத் வீரர்கள் பெயரெழுதிய தாளை ஒரு சின்னக் கருங்குப்பிக்குள் சுருட்டி வைத்திருந்தார்கள். அதற்கும் இதே கதிதான். தோண்டியெடுத்த அடையாளத் தகட்டை வாங்காதீர்கள். எந்த நாட்டுடையதாக இருந்தாலும் வேண்டாம். கையில் ஏற்கெனவே ஜெர்மானியத் தகடு இருந்தால், ஜெர்மானியப் போர்க் கல்லறைகளைப் பராமரிக்கும் ஃபோல்க்ஸ்பண்ட் அமைப்புக்கு எழுதுங்கள். ஜப்பானிய வீரர் போருக்குக் கொண்டுபோன, பெயர்கள் எழுதிய கொடி இருந்தால் அமெரிக்காவில் உள்ள ஓபான் சொசைட்டி குடும்பத்தைத் தேடித் தருகிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், கேட்டு நடந்துகொள்ளுங்கள். பதக்கத்தைப் பளபளப்பாக்காதீர்கள், பாலிஷ் போடும் ஒவ்வொரு முறையும் விளிம்பில் உள்ள பெயர் கொஞ்சம் தேய்கிறது. கிழிந்த ரிப்பனை மாற்றாதீர்கள். பழைய விமானக் கடிகாரம், திசைகாட்டி இவற்றின் ஒளிரும் பூச்சில் ரேடியம் இருக்கலாம். ஒளி மங்கியதும் ஆபத்து போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். ரேடியத்தின் அரை ஆயுள் 1600 ஆண்டுகள். கண்ணாடியைத் திறக்காதீர்கள். போர்க்கால எரிவாயு முகமூடியைக் குழந்தைக்கு மாட்டிப் படமெடுக்காதீர்கள், வடிகட்டிக்குள் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். குண்டு, ஷெல் எதுவானாலும் என்னிடம் கொண்டுவரவே கூடாது. தொடாமல் போலீஸைக் கூப்பிடுங்கள்.

முக்கியமானது இதுதான். வீட்டில் பழைய பதக்கம் இருந்தால், எந்த நாட்டுடையது, எந்த உலோகம் என்று தரம் பிரிப்பதற்கு முன்னால், விளிம்பைச் சுற்றி என்ன எழுதியிருக்கிறதோ அதை எழுத்து பிசகாமல் ஒரு தாளில் எழுதி வையுங்கள். முன், பின், விளிம்பு மூன்றையும் படமெடுங்கள். விற்பது உங்கள் விருப்பம், ஆனால் அது யாருடையது என்ற விவரம் வீட்டில் இருக்கட்டும். அந்த இளைஞரின் செல்போனில் இருந்தது ஒரே படம். ஐந்தாம் ஜார்ஜின் தலை நன்றாகத் தெரிந்தது. கொள்ளுத்தாத்தாவின் எண் இருந்த விளிம்பு படத்தில் இல்லை.