கரிசலில் மாங்கன்று ஏன் வெளுக்கிறது?

திருமங்கலம் பக்கமிருந்து ஒரு விவசாயி கேட்டிருக்கிறார்: "கரிசலில் வைத்த ஒட்டு மாங்கன்றில் கொழுந்து இலை மஞ்சளாகிறது, நரம்பு மட்டும் பச்சை. அன்னபேதியை (இரும்பு சல்பேட் உப்பு) மண்ணில் போட்டும் கேட்கவில்லை. திருஷ்டி என்கிறார்களே, சரியா?"

திருஷ்டி இல்லை ஐயா, இரும்புப் பசி. பூசணிக்காய் உடைக்கும் காசை மிச்சம் பிடியுங்கள். உங்கள் மண்ணில் இரும்பு தாராளமாக இருக்கும். பூமியின் மேலோட்டில் எடையில் சுமார் 5% இரும்புதான். ஆனால் சுக்கான், அதாவது சுண்ணாம்புக் கல், கலந்த மண்ணில் அது துருவாக இறுகிக் கிடக்கிறது. அன்னபேதிக் கரைசலில் சுண்ணாம்புத் தெளிநீரை விட்டுப் பாருங்கள். அழுக்குப் பச்சையாகத் திரண்டு, காற்றுப் பட்ட மேல்பக்கம் துருநிறமாகும். மண்ணில் போட்ட அன்னபேதிக்கும் இதே கதிதான்.

இங்கேதான் வேர் நுனியின் சாமர்த்தியம். மாவின் வேர் முதலில் அமிலத்தைக் கசியவிட்டுத் துருவை இளக்குகிறது. அப்புறம், வேர்த்தோலில் உள்ள ஒரு நொதி அந்த இரும்புக்கு ஒரு எலக்ட்ரானைக் கொடுக்கிறது. மூன்று மின்னேற்றம் கொண்ட இரும்பு இரண்டாகக் குறைந்தால்தான் வேரின் வாசல் திறக்கும். சுக்கான் மண்ணின் பைகார்பனேட்டோ, வேர் கசியும் அமிலத்தை உடனுக்குடன் குடித்துவிடுகிறது. சில வேர்கள் அசராமல் இன்னும் கசியவிடும், சில ஓய்ந்துவிடும். இந்த வித்தியாசத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஃபெரோசின் என்ற சாயப்பொருளும் துரு நிலை இரும்பும் கலந்த அகர் கூழில் வேரை வைத்தால், நொதி வேலை செய்யும் இடத்தில் மட்டும் ஊதா நிறம் பூக்கும். எனக்கு அலுக்காத காட்சி அது.

ஆக, மரம் காய்க்கும்வரை காத்திருக்காமல் நாற்றுப் பருவத்திலேயே நல்ல வேரைப் பொறுக்கலாம். சுண்ணாம்பு மண்ணுக்குப் பழகிய வாதுமையைப் பீச்சுடன் கலந்து பிரான்சில் உருவான ஜி.எஃப். 677 சுண்ணாம்பைத் தாங்கும் வேர்ச்செடி, அதாவது ஒட்டுக் கட்ட அடியில் வேராக வைக்கும் செடி. மாவுக்கு இஸ்ரேலின் 13-1 என்ற வேர்ச்செடி இருக்கிறது. அதன் ஒரே கொட்டையில் பல முளை வரும். பெரும்பாலும் தாயின் நகல்கள். நம் நாற்றங்கால்களிலோ கிடைத்த கொட்டையில் முளைத்ததுதான் வேர்ச்செடி. நமக்கேற்ற வேர்ச்செடியைத் தேட நீண்ட கால ஆராய்ச்சி வேண்டும்; மூன்று வருடத் திட்டத்துக்குப் பணம் கொடுத்துவிட்டு மா ஆராய்ச்சியை முடிக்கச் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இப்போதைக்கு லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதியைக் கரைத்து, மாலையில் கொழுந்தில் தெளியுங்கள். உங்கள் ஊர் சுக்கான் மேட்டில் பச்சை குறையாமல் நிற்கும் கிழட்டு நாட்டு மாமரம் ஏதாவது இருந்தால், அதன் கொட்டையை எடுத்து வையுங்கள். முளைப்பதெல்லாம் தாயைப் போல வராது. உங்கள் மண்ணிலேயே முளைக்கவிட்டு, கொழுந்து வெளுக்காத கன்றில் ஒட்டுக் கட்டுங்கள்.