சிறு டிராக்டர்: இழுப்பது எஞ்சினா, எடையா?

மூன்று நான்கு ஏக்கர் நிலத்தைப் பராமரிக்கச் சிறு டிராக்டர் வாங்க நினைப்பவர் முதலில் கேட்பது பெரும்பாலும் "எத்தனை குதிரைத்திறன்?" என்றுதான். அந்த எண்ணே விளம்பரத்திலும் பானட்டின் மேலும் பெரிதாக இருக்கிறது என்பதால் கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மண்ணில் கலப்பையை இழுக்கும்போது அந்த எண்ணின் பெரும்பகுதிக்கு வேலையே இல்லை. அங்கே எல்லையை வகுப்பது வண்டியின் எடை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 20 குதிரைத்திறன் எஞ்சினும் 800 கிலோ எடையும் கொண்ட டிராக்டர் ஒன்றில் பின்சக்கரங்களுக்கு மட்டுமே எஞ்சின் விசை செல்கிறது என்று வைத்துக்கொள்வோம். எடையில் ஏறத்தாழ 65 விழுக்காடு, அதாவது 520 கிலோ, பின் அச்சின் மேல் நிற்கிறது. சேறாகவும் இல்லாமல் கல்லாகவும் இறுகாத வயல் மண்ணில், ஒரு டயர் தன் மேல் நிற்கும் எடையில் ஏறக்குறைய பாதியளவுக்குத்தான் உருப்படியாக இழுக்கும். ஆகவே கிடைக்கும் இழுவிசை 260 கிலோ எடைக்குச் சமம். சுமார் 2,550 நியூட்டன். மணிக்கு 5 கி.மீ., அதாவது நொடிக்கு 1.39 மீட்டர் வேகத்தில் இந்த விசையுடன் இழுக்கச் செலவாகும் திறன் சுமார் 3.5 கிலோவாட். ஒரு குதிரைத்திறன் 746 வாட் என்பதால், இது ஐந்து குதிரைத்திறனைக்கூட எட்டவில்லை. கியர்பெட்டியிலும், மண்ணின் உருளல் தடையிலும், சக்கர வழுக்கலிலும் இன்னும் சில போகும். மற்றது எஞ்சினுக்குள்ளேயே சும்மா கிடக்கும். அதே எடையில் எஞ்சினை மட்டும் பெரிதாக்கினால், சக்கரம் இன்னும் வேகமாகச் சுழன்று குழி பறிக்கும், அவ்வளவுதான்.

நான்கு சக்கரங்களும் விசை பெறும்போது 800 கிலோவும் பிடிமானத்துக்கு உதவுவதால், இழுவைத் திறன் அதே கணக்கில் ஏழு குதிரைத்திறனைத் தாண்டுகிறது. எஞ்சினைத் தொடாமலே பாதிக்குப் பாதி கூடுகிறது என்பதால், சிறு டிராக்டரில் கூடுதல் குதிரைத்திறனைவிட நான்கு சக்கர இயக்கமே முதலில் பார்க்க வேண்டியது என்பது என் கருத்து. இதில் ஒரு நுணுக்கம் உண்டு: முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடச் சில விழுக்காடு வேகமாகச் சுற்றும்படி அமைக்கப்பட்டிருக்கும். மண்ணில் அந்த வேறுபாட்டை வழுக்கல் விழுங்கிவிடும்; கெட்டியான தளத்தில் அது டயரையும் பல்சக்கரங்களையும் தின்னும். ஆகவே சாலைக்கு வந்ததும் முன் இயக்கத்தை விடுவிக்க வேண்டும். தேய்ந்த டயரை மாற்றும்போதும் முன், பின் அளவுகளின் விகிதம் குலையக் கூடாது.

எடையைக் கூட்டாமல் எடையைக் கூட்டும் வழியொன்றை ஹாரி ஃபெர்குசன் என்ற பொறியாளர் கண்டார். அதுவரை கலப்பை வண்டிக்குப் பின்னால் தனியே இழுபட்டு வந்தது. கீழே இரண்டு கைகளும் மேலே ஒரு கம்பியுமாக அவர் அமைத்த மும்முனை இணைப்பில், கலப்பை டிராக்டரின் ஓர் உறுப்பாகவே ஆகிவிடுகிறது. மண் கலப்பையைப் பின்னுக்குத் தள்ளும் விசையும் கலப்பையின் எடையும் பின்சக்கரங்களை மண்ணோடு அழுத்துகின்றன. தடை மிகும்போது ஹைட்ராலிக் அமைப்பு கலப்பையைச் சற்றே தூக்கிக் கொடுக்கிறது. 1939இல் ஃபோர்டு நிறுவனத்துடன் சேர்ந்து வெளிவந்த டிராக்டர், சுமார் ஒரு டன் எடையை மட்டுமே வைத்துக்கொண்டு நன்றாக உழுதது இதனால்தான். இன்றைய டிராக்டர்களில் பெரும்பாலானவற்றின் பின்புறம் இருப்பது அடிப்படையில் அந்த இணைப்பே.

எடை போதுமா என்பதை நிலத்திலேயே அளந்து பார்க்கலாம். பின் டயரின் பக்கவாட்டில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டு, கலப்பையைத் தூக்கிய நிலையில் சக்கரம் பத்துச் சுற்றுச் சுற்றும்போது வண்டி கடக்கும் தூரத்தை அளக்க வேண்டும். 30 மீட்டர் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கலப்பையை இறக்கி, அதே பத்துச் சுற்று. இப்போது 26 மீட்டர்தான் வந்தால், வழுக்கல் 30இல் 4, அதாவது 13 விழுக்காடு. மண்ணின் தன்மைக்கேற்ப 8 முதல் 15 விழுக்காடு வரையிலான வழுக்கல் சரியானது. அதற்கு மேல் போனால் டீசல் சக்கரத்தைச் சுழற்றவே செலவாகிறது. அதற்குக் கீழே இருந்தால் தேவையற்ற எடையைச் சுமந்து திரிகிறோம். அளவுநாடா இல்லாதவருக்கு டயர் பதிந்த தடமே சொல்லிவிடும்: பட்டைகளின் அச்சு வார்த்தது போல் கூர்மையாக இருந்தால் எடை அதிகம், அடையாளமே தெரியாமல் கலைந்திருந்தால் எடை குறைவு, உருவம் தெரிந்தும் நடுவில் சற்று நொறுங்கியிருந்தால் சரி. குறையும்போது சக்கரத்தில் இரும்பு எடைகளை மாட்டலாம், டயருக்குள் முக்கால் பங்கு வரை தண்ணீர் நிரப்பலாம். வேலை முடிந்ததும் அவற்றைக் கழற்றிவிட முடிவது பெரிய வசதி, ஏனெனில் அதே எடை புல்வெளியில் மண்ணை இறுக்கும்.

அப்படியானால் குதிரைத்திறன் வீண் பேச்சா? இல்லை, அது எஞ்சின் திறனை வெளியே எடுத்துக் கொடுக்கும் பி.டி.ஓ. தண்டில் வேலை செய்கிறது. பின்புறம் நிமிடத்துக்கு 540 சுற்றுச் சுழலும் அந்தத் தண்டு, டயரையும் மண்ணையும் நம்பாமல் எஞ்சினின் திறனை நேரே கருவிக்குக் கொண்டு செல்கிறது. மண்ணைக் கிளறிப் பொடியாக்கும் ரொட்டவேட்டரின் கத்திகள் சக்கரம் சுற்றும் திசையிலேயே சுற்றி மண்ணைப் பின்னுக்கு எறிவதால், கருவி வண்டியை முன்னே தள்ளவும் செய்கிறது. எடை குறைந்த டிராக்டருக்குக் கொத்துக் கலப்பையைவிட ரொட்டவேட்டர் பொருந்தி வருவதன் காரணம் இதுவே. ஆனால் அதற்கு மணிக்கு இரண்டு மூன்று கி.மீ. என்ற மிக மெதுவான கியர் வேண்டும். அது இல்லாத வண்டியில் எத்தனை குதிரைத்திறன் இருந்தும் மண் பொடியாகாது.

எஞ்சின் திறனில் 85 முதல் 90 விழுக்காடே தண்டுக்கு வந்து சேரும் என்பதால், கருவியோடு ஒப்பிட வேண்டியது பி.டி.ஓ. திறனைத்தான். புதர் வெட்டும் சுழல் கருவிக்கு அகலத்தில் ஓர் அடிக்கு ஐந்து குதிரைத்திறன் என்பது பழகியவர்கள் வைத்திருக்கும் கணக்கு. 20 குதிரைத்திறன் எஞ்சினில் 17 போலத்தான் தண்டுக்கு வரும். அடர்ந்த புதரில் நான்கடிக் கருவிகூடத் திணறும், புல் என்றால் ஓடிவிடும். அகலத்துக்கு ஆசைப்பட வேண்டியதும் இல்லை. நான்கடி, அதாவது 1.2 மீட்டர் கருவி மணிக்கு 5 கி.மீ. வேகத்தில், திரும்பும் நேரத்துக்கும், வெட்டிய இடத்தின் ஓரத்தில் மீண்டும் ஓடுவதற்கும் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்த பின், மணிக்கு 4,800 சதுர மீட்டர் முடிக்கும். மூன்று ஏக்கருக்கு இரண்டரை மணி நேரம். ஐந்தடிக் கருவி வாங்கினால் அரை மணி நேரம் மிச்சமாகும். அந்த அரை மணிக்காகப் பெரிய வண்டி தேவையா என்பதை அவரவர் முடிவு செய்துகொள்ளலாம்.

பழைய டிராக்டர் வாங்குபவர் பி.டி.ஓ. தண்டுக்குத் தனிக் கிளட்ச் உண்டா என்று பார்க்க வேண்டும். தண்டு கியர்பெட்டி வழியாகவே இயங்கும் வண்டியில், சுழலும் கனத்த வெட்டுத்தகடு தன் உந்தத்தால் தண்டைச் சுற்றி, அதன் வழியே சக்கரத்தையும் சுற்றிவிடும். கிளட்சை மிதித்த பிறகும் வண்டி வேலியை நோக்கி நகர்வதன் மர்மம் அதுதான். ஒரே திசையில் மட்டும் பிடிக்கும் இணைப்பு ஒன்றைத் தண்டில் மாட்டினால் இந்தத் தொல்லை தீரும். கியருக்குப் பதிலாக எண்ணெய் அழுத்தத்தால் ஓடும் ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டி, முன்னும் பின்னும் அடிக்கடி போகும் வேலைக்குச் சுகமானது. ஆனால் எண்ணெய் சூடாவதில் திறன் கொஞ்சம் வீணாகும் என்பதால் நாள் முழுதும் உழுபவருக்குக் கியரே மேல்.

பின்புற இணைப்பின் தூக்கும் திறனைப் படிக்கும்போது அது எங்கே அளக்கப்பட்டது என்று பாருங்கள். கைகளின் நுனியில் அளந்த எண் பெரிதாக இருக்கும். நுனியிலிருந்து 61 செ.மீ. பின்னால் அளந்ததே உண்மையான கருவிக்கு நெருக்கமானது.

முன்புறம் லோடர் என்ற மண் அள்ளும் வாளியை மாட்டுபவருக்குக் கணக்கு தலைகீழாகிறது. வாளியில் மண் நிரம்பியதும் முன் அச்சு தாங்குபுள்ளியாகி, பின்சக்கரங்கள் எடை இழக்கின்றன. பல சிறு டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரங்களில் மட்டுமே உண்டு என்பதால், சரிவில் நிறுத்தும் வலுவும் சேர்ந்தே குறைகிறது. பின்னால் எதிர்எடை இல்லாமல் லோடரை இயக்கக் கூடாது. வாளியை எப்போதும் தாழ்வாகவே கொண்டுபோக வேண்டும். இழுக்கும் சங்கிலியை அச்சுக்கு மேலே கட்டினாலோ, வேர் பிடித்த மரக்கட்டையை இழுக்கும்போது வண்டி முன்புறம் எழும்பி, ஓட்டுநர் கிளட்சைத் தேடுவதற்குள் பின்னால் கவிழ்ந்துவிடும். ஸ்வீடன் 1959இலேயே புதிய டிராக்டர்களில், கவிழ்ந்தாலும் ஓட்டுநர் நசுங்காமல் காக்கும் இரும்புச் சட்டகத்தைக் கட்டாயமாக்கியது. சட்டகமும் இருக்கைப் பட்டையும் சேர்ந்தே காப்பாற்றும். மரக்கிளைக்கு அடியில் புகுவதற்காகச் சட்டகத்தை மடக்கும்போது பட்டையையும் அவிழ்த்துவிட வேண்டும், ஏனெனில் அப்போது பட்டை ஓட்டுநரைக் கவிழும் இரும்போடு கட்டிப்போட்டுவிடும். மரத்தைத் தாண்டியதும் இரண்டையும் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.