நல்ல பிரிண்டரை மட்டமாக அச்சடிக்க வைப்பது

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் டீத்தூள் பாக்கெட்டுக்கும் ஹோம்மேட் சாக்லேட் டப்பாவுக்கும் டிசைன் போடுகிறவர்கள், எண்ணிக்கை கொஞ்சம் கூடினாலே ஃபைலைச் சிவகாசிக்கோ கோவைக்கோ அனுப்பிவிடுவார்கள். திரையில் கொழுந்துப் பச்சையாக இருந்தது, டப்பாவாகி மலையேறி வரும்போது பாசிப் பச்சையாக இருக்கும். ‘மானிட்டர்ல இப்படி இல்லையே’ என்று போனில் கேட்டால், ‘நீங்க அனுப்பினதைத்தான் சார் அடிச்சோம்’ என்று பதில் வரும். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான்.

முன்கூட்டியே பார்த்துக்கொள்ள நேர்வழி, அச்சகத்தில் ஓடும் ஆப்செட் மெஷினிலேயே மாதிரி ஓட்டுவது. நாலு கலருக்கு நாலு பிளேட் போட்டு, மை ஏற்றி, நிறம் ஒரு நிலைக்கு வரும்வரை கட்டுக்கட்டாகத் தாளை வீணாக்கி எடுக்கும் அந்த மாதிரியின் செலவு சின்ன வியாபாரிக்குக் கட்டாது. அதனால்தான் டிசைனரின் மேசையில் இருக்கும் இங்க்ஜெட் பிரிண்டரையே ஆப்செட் மெஷின்போல அச்சடிக்க வைக்கிறார்கள். அதற்கு உதவுவது கலர் புரொஃபைல்.

இந்த வேலையில் பிரிண்டரின் திறமையைக் கட்டிப்போடுகிறோம் என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். அச்சுக்கு முன் பார்த்துக்கொள்ளும் மாதிரித் தாளான புரூஃபை எடுக்கும் போட்டோ பிரிண்டர்களில் எட்டு, பத்து மைகள் இருக்கும். சிலவற்றில் ஆரஞ்சு, பச்சை, ஊதாகூட உண்டு. நல்ல போட்டோ பேப்பரில் அவை எட்டிப்பிடிக்கும் நிறங்கள், சயான் என்ற வெளிர்நீலம், மெஜந்தா என்ற கருஞ்சிவப்பு ரோஜா நிறம், மஞ்சள், கறுப்பு என்ற நாலே மையில் ஓடும் ஆப்செட்டைவிட அதிகம். வளமான குரல் உள்ள மிமிக்ரி கலைஞர் கட்டைக் குரலையும் பேசிக்காட்டுவார். கட்டைக் குரல்காரரால் பதிலுக்கு அவரைப் பேசிக்காட்ட முடியாது. இங்கேயும் அதே கதை.

ஆப்செட் எங்கே தடுமாறும் என்பதைக் குறிஞ்சிப் பூ நன்றாகக் காட்டிக்கொடுக்கும். 2018-ல் பூத்தபோது எடுத்த படங்களைத் திரையில் பார்த்தால் நீலமும் ஊதாவும் கலந்து ஜொலிக்கும். அச்சில் அந்த நிறம், சயான் மேல் மெஜந்தா விழுந்துதான் வர வேண்டும். சயான் மை சிவப்பு ஒளியை மட்டும் விழுங்கினால் பிரச்சினை இல்லை. நிஜத்தில் அது பச்சை, நீல ஒளியிலும் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. மெஜந்தா இன்னும் மோசம்: பச்சையோடு நிறுத்திக்கொள்ளாமல் நீலத்திலும் கணிசமாகக் கை வைக்கும். கண்ணுக்குத் திரும்பி வர வேண்டிய நீல ஒளியே இப்படிக் குறைந்துபோனால் பூ இருண்டு, அழுக்கு ஊதாவாகத்தான் தெரியும். அச்சகத்தாரைத் திட்டிப் பயனில்லை, மையின் குணம் அப்படி.

புள்ளிகளும் தங்கள் பங்குக்கு வேலை காட்டும். பிளேட்டில் 50 சதவீதமாக இருக்கிற புள்ளி, மை பரவுவதாலும் ஒளி தாளுக்குள் சிதறுவதாலும் பூச்சுள்ள ஆர்ட் பேப்பரில் 65 சதவீதத்தை ஒட்டித் தெரியும். மேப்லித்தோ மாதிரி பூச்சில்லாத தாளில் இன்னும் கூடும்.

இதையெல்லாம் சூத்திரத்தில் அடக்குவதைவிட நேரடியாக அளந்துவிடுவது சுலபம். அளந்து எழுதிய அந்தப் பட்டியல்தான் புரொஃபைல். ஐடி8.7/4 என்று ஒரு சோதனைப் படிவம் இருக்கிறது. அதில் நாலு மையும் வெவ்வேறு விகிதத்தில் கலந்த 1,617 கட்டங்கள். குறிப்பிட்ட மெஷினில், குறிப்பிட்ட தாளில் அதை அச்சடித்து, நிறத்தை அளக்கும் கருவியான ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரை வைத்துக் கட்டம் கட்டமாக அளந்து, லேப் எண்களாக எழுதிக்கொள்வார்கள். லேப் 1976-ல் வந்த அளவுமுறை. எல் என்பது வெளிச்சம், ஏ என்பது பச்சையிலிருந்து சிவப்பு, பி என்பது நீலத்திலிருந்து மஞ்சள். எந்த மெஷினையும் அது சார்ந்திருக்காது. கண்ணுக்கு நிறம் எப்படித் தெரிகிறது என்பதுதான் அதன் கணக்கு. இந்தப் பட்டியல்களை எல்லா மென்பொருளும் படிக்கும்படி ஒரே வடிவத்தில் வைக்க, ஆப்பிள், அடோபி, கோடக் உள்ளிட்ட எட்டு நிறுவனங்கள் 1993-ல் ஐ.சி.சி. (இன்டர்நேஷனல் கலர் கன்சார்டியம்) என்ற அமைப்பைத் தொடங்கின. அதனால்தான் ‘ஐ.சி.சி. புரொஃபைல்’ என்கிறார்கள்.

ஒரு நிறத்தை மட்டும் பின்தொடர்ந்து பார்ப்போம். ஃபைலில் சயான் 100, மற்ற மூன்றும் பூஜ்யம். ஆர்ட் பேப்பர் ஆப்செட்டுக்காக ஜெர்மனியின் ஃபோக்ரா நிறுவனம் வெளியிட்ட ஃபோக்ரா39 அளவுகளில் இது எல் 55, ஏ −37, பி −50 என்ற இடத்தில் இருக்கிறது. ஆப்செட் புரொஃபைலின் வேலை இந்த மூன்று எண்ணைச் சொல்வதோடு முடிந்தது. அப்புறம் இங்க்ஜெட்டின் புரொஃபைலை எதிர்த்திசையில் கேட்க வேண்டும்: இந்த லேப் எண் வர, உன் மைகளை எவ்வளவு விடுவாய்? இங்க்ஜெட்டின் சயான் வேறு சரக்கு. அதை முழுசாகக் கொட்டினால் நிறம் வேறெங்கோ போய் நிற்கும். அதனால் சயானைக் கொஞ்சம் அடக்கி, வேறொரு மையைப் பொடிப்பொடியாகத் தூவு என்று பட்டியல் சொல்லும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஆப்செட்டின் பூப்போன்ற புள்ளி அடுக்கு புரூஃபில் இருக்காது, தாறுமாறான பொடிப் புள்ளிகள்தான் இருக்கும். ஒரு கை தூரத்தில் பிடித்துப் பார்த்தால் கண்ணுக்கு இரண்டும் ஒன்று.

ஆக, நிறம் இரண்டு தடவை மாறுகிறது: திரையிலிருந்து ஆப்செட்டுக்கு ஒன்று, ஆப்செட்டிலிருந்து இங்க்ஜெட்டுக்கு இன்னொன்று. இந்த இரண்டாவது மாற்றத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அச்சால் எட்டிப்பிடிக்க முடியாத நிறங்களையும் தாளின் வெள்ளையையும் என்ன செய்வது என்பதற்கு ‘ரெண்டரிங் இன்டென்ட்’ என்று நாலு வகை உண்டு. போட்டோவைத் திரையின் சிவப்பு, பச்சை, நீலக் கணக்கான ஆர்ஜிபி-யிலிருந்து அச்சு நிறத்துக்கு மாற்றும்போது பெர்செப்சுவல் அல்லது ரிலேட்டிவ். அங்கிருந்து இங்க்ஜெட்டுக்குப் போகும்போது அப்சொல்யூட் கலரிமெட்ரிக். மற்றவை பிரிண்டரில் இருக்கும் தாளின் வெள்ளையையே வெள்ளை என்று வைத்துக்கொள்ளும். அப்சொல்யூட் அப்படி விடாது. அச்சில் ஓடப்போகும் அட்டை லேசாக மஞ்சள் பாய்ந்ததென்றால், வெறும் இடத்திலும் மெல்லிய மஞ்சளைத் தெளித்து அந்த அட்டையின் நிறத்தையே கொண்டுவரும். வாடிக்கையாளர் பார்த்ததும் ‘என்னங்க, அழுக்கா இருக்கு’ என்பார். ஓரத்தில் அச்சாகாத வெள்ளை விளிம்பு ஒட்டிக்கொண்டிருப்பதுதான் காரணம். விளிம்பை வெட்டிவிட்டுக் கொடுத்தால், கண் கொஞ்ச நேரத்தில் அந்த மஞ்சளையே வெள்ளையாக ஏற்றுக்கொள்ளும்.

மென்பொருள் புரொஃபைலைப் பார்த்து நிறத்தை மாற்றி அனுப்பிய பிறகு, பிரிண்டரை ஓட்டும் மென்பொருளான டிரைவர் தன் பங்குக்கு ‘அழகாக்கி’ வைப்பது இன்னொரு தொல்லை. டிரைவரில் கலர் மேலாண்மையை அணைத்துவிட வேண்டும். புரொஃபைல் எடுத்தபோது எந்தத் தாள், எந்தத் தர அமைப்பு வைத்திருந்தோமோ, அதில் கை வைக்கக் கூடாது. தாளை மாற்றினால் புரொஃபைலும் புதிது.

மலையில் இருப்பவர்களுக்கு மற்றவர்களைவிட ஒரு தலைவலி கூடுதல். போட்டோ பேப்பரை வெள்ளையாகக் காட்டப் பெரும்பாலும் ஒளிரும் வேதிப்பொருள் சேர்ப்பார்கள். புற ஊதாக் கதிர் பட்டால் அது நீலமாக ஒளிரும். கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் ஏறினால் வெயிலில் புற ஊதா சுமார் 10 சதவீதம் கூடும். ஊட்டி இருப்பது 2,200 மீட்டருக்கும் மேலே. வீட்டுக்குள் எரியும் சாதாரண எல்.இ.டி. பல்பில் புற ஊதா கிட்டத்தட்ட இல்லை. அதனால் ஒரே புரூஃப் வாசலில் நீலம் பாய்ந்தும், விளக்கடியில் மஞ்சளடித்தும் தெரியும். ஒளிரும் பொருள் இல்லாத, புரூஃபுக்கென்றே வரும் தாளை வாங்கிவிடுவது உத்தமம். விலை கூடத்தான். புரூஃபைப் பார்ப்பதற்கு உலகம் ஒத்துக்கொண்ட ஒளி, பகல் வெளிச்சத்தை ஒத்த டி50. அதற்கான விளக்கு இல்லையென்றால், குறைந்தபட்சம் நீங்களும் வாடிக்கையாளரும் ஒரே வெளிச்சத்தில் நின்று பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் மேகம் வீட்டுக்குள் நுழையும் நாட்களில் தாளில் ஈரம் அடங்கவும் நேரமாகும். அடித்த கையோடு அளந்தால் எண் தப்பாகத்தான் வரும்.

சரி, புரூஃப் சரியாக வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அது ஃபோக்ரா39-ஐ நடித்துக்காட்டுகிறது. அச்சகம் அந்த அளவில் மெஷினை ஓட்டவில்லை என்றால், அந்தத் தாள் வெறும் அழகான படம். என்னைக் கேட்டால், பிரிண்டருக்குச் செலவு செய்வதற்கு முன்னால் அச்சகத்தாரிடம் ‘எந்த ஸ்டாண்டர்டுல ஓட்டுறீங்க?’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவதுதான் முதல் வேலை. அப்படி எதுவும் இல்லையென்று சொன்னால், அவர்கள் மெஷினில் அந்தச் சோதனைப் படிவத்தை ஒரு தடவை ஓட்டி வாங்கி, அதிலிருந்தே புரொஃபைல் செய்துகொள்ளலாம். புரூஃபின் ஓரத்தில் 72 கட்டம் கொண்ட சோதனைப் பட்டை ஒன்றைச் சேர்த்து அடித்தால், அளந்து பார்க்க அச்சகத்துக்கும் வசதி. புரூஃபுக்கான ஐ.எஸ்.ஓ. 12647-7 தரம் 2007-ல் வந்தபோது, லேப் கணக்கில் நிற வித்தியாசம் சராசரியாக 3-க்குள்ளும், எந்தக் கட்டத்திலும் 6-க்கு மிகாமலும் இருக்கச் சொன்னது.

அட்டைக்கு மேட் லேமினேஷன் போட்டால் கறுப்பு கொஞ்சம் வெளுத்துத் தெரியும். தங்க நிறத்தையும் ஃபாயிலையும் இங்க்ஜெட்டால் காட்டவே முடியாது. அதற்கெல்லாம் அதே மாதிரி வேலை செய்த பழைய டப்பாத் துண்டு ஒன்றைப் புரூஃபோடு பின் அடித்து அனுப்பிவிட வேண்டியதுதான்.