பொது நம்பிக்கையா, பொது அறங்காவலா?

கடற்கரை உரிமை பற்றிய ஒரு கூட்டத்தில் துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள். 'பொது நம்பிக்கைக் கோட்பாட்டின்படி கரை மக்களுக்கே சொந்தம்' என்று போட்டிருந்தது. பக்கத்தில் இருந்த கரைவலைக்காரப் பெரியவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, "யாரு யாரை நம்பணும், தம்பி?" என்றார். இந்தத் தொடரைப் பார்த்துப் பார்த்து எரிச்சலில் இருந்த எனக்கு அந்தக் கேள்வி போதும்.

ஆங்கிலத்தில் இது 'பப்ளிக் டிரஸ்ட் டாக்ட்ரின்'. கடல், ஆறு போன்ற பொது வளங்களுக்கு அரசு சொந்தக்காரர் அல்ல, மக்களுக்காக அவற்றைக் காக்கும் பொறுப்பாளர் மட்டுமே என்பது இதன் சாரம். வேர் ரோமச் சட்டம்: காற்று, ஓடும் நீர், கடல், கடற்கரை எல்லாம் எல்லோருக்கும் பொது என்கிறது 6ஆம் நூற்றாண்டின் ஜஸ்டினியன் தொகுப்பு. நம் உச்ச நீதிமன்றம் இதை 1996 டிசம்பரில், மேத்தா - கமல்நாத் வழக்கில் எடுத்தாண்டது. பியாஸ் ஆற்றின் போக்கையே திருப்பிவிடப் பார்த்த ஒரு மோட்டலின் குத்தகை ரத்தானது.

சரி, டிரஸ்ட் என்றால் நம்பிக்கைதானே? அகராதியில் முதல் பொருள் அதுதான். மொழிபெயர்ப்பாளர் அதோடு அகராதியை மூடிவிட்டார். சட்டத்தில் டிரஸ்ட் மனசில் இருப்பதல்ல, கையில் இருப்பது. சொத்து ஒருவர் பொறுப்பில், பலன் வேறொருவருக்கு. வைத்திருப்பவர் தன் இஷ்டத்துக்கு விற்க முடியாது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 406ஆம் பிரிவை 'நம்பிக்கை மோசடி' என்றோமே என்பார்கள். அங்கே ஒருவர் நம்பி ஒப்படைத்து ஏமாறுகிறார், அதனால் சொல் ஓரளவு ஒட்டுகிறது. கடலை யார், எப்போது அரசை நம்பி ஒப்படைத்தார்கள்? அரசை நம்பி விட்டுவிட முடியாது என்பதால்தானே நீதிமன்றம் இந்தக் கோட்பாட்டையே கையில் எடுக்கிறது!

'பொது அறக்கட்டளைக் கோட்பாடு' என்றும் எழுதுகிறார்கள். கேட்டதும் பதிவு எண்ணும் ரசீதுப் புத்தகமும்தான் கண்முன் வருகின்றன. வரிக்கணக்குக்கு வெளியே, ஊர்ப் பொதுவுக்கென்று விட்ட நிலத்துக்குப் 'புறம்போக்கு' என்ற அருமையான சொல் நம்மிடம் உண்டு. அதையும் வசவாக்கித் தொலைத்தோம்.

என் தேர்வு 'பொது அறங்காவல்'. கோயில் வாடை அடிக்கிறது என்றார் ஒரு நண்பர். அடிக்கட்டுமே, அந்த வாடையில்தான் பொருள் விளங்குகிறது. பெரியவரிடம், "கோயில் நிலத்துக்கு தர்மகர்த்தா மாதிரி, கரைக்கு கவர்மெண்ட்டுங்க ஐயா" என்றேன்.

"அப்போ விக்க முடியாது. சிவன் சொத்துல்ல" என்றார். கோட்பாடு முழுவதும் அதற்குள் வந்துவிட்டது.

பிரசுரத்தின் மறுபக்கம் இன்னும் மோசம். 1991 கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை பற்றிச் சொல்லும்போது 'உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர்' என்கிறது. அலை நிமிடத்துக்கு ஏழெட்டு வரும், எந்த அலையிலிருந்து அளப்பதாம்? அது ஓதம், கடல் மட்டம் நாள்தோறும் ஏறி இறங்குவது. பள்ளிக்கூடப் புவியியல் புத்தகத்திலேயே இருக்கிற சொல். நல்லவேளை, பெரியவர் தாளைத் திருப்பிப் பார்க்கவில்லை.