பயோஃபோட்டான்: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

உயிருள்ள எல்லாமே கொஞ்சம் வெளிச்சம் விடுகிறது, சந்தையில் கிடக்கும் கீரையும் தக்காளியும் உட்பட. ஒரு சதுர சென்டிமீட்டரிலிருந்து நொடிக்குச் சில ஒளித்துகள், மிஞ்சினால் சில நூறு, அவ்வளவுதான் என்பதால் கண்ணுக்குத் தெரியாது. இந்த ஒளிக்குத்தான் பயோஃபோட்டான் என்று பெயர்.

பயோஸ் என்றால் கிரேக்கத்தில் உயிர், ஃபோஸ் என்றால் ஒளி. ஃபோட்டான் என்ற சொல்லை 1926-இல் பிரபலமாக்கியவர் வேதியியலாளர் கில்பர்ட் லூயிஸ். பயோஃபோட்டான் பரவியது 1970களில், ஜெர்மானிய இயற்பியலாளர் ஃப்ரிட்ஸ் ஆல்பர்ட் பாப் மூலமாக. ஆனால் தேடல் அதற்கும் பழையது. 1923-இலேயே ரஷ்யாவின் அலெக்சாண்டர் குர்விச், ஒரு வெங்காய வேர் நுனியை இன்னொரு வேரின் பக்கவாட்டுக்கு நேராக வைத்தால், கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிரால் அங்கே செல்பிரிதல் கூடுகிறது என்றார். மற்றவர்களுக்கு அது சரியாக வரவில்லை, விஷயம் ஓரங்கட்டப்பட்டது. மிக மங்கலான ஒளியையும் எண்ணக்கூடிய ஒளிபெருக்கிக் குழலைக் கொண்டு 1950களில்தான், முளைவிடும் விதைகளின் வெளிச்சத்தை இத்தாலியர்கள் எண்ணிக் காட்டினார்கள்.

இதை மின்மினியோடு குழப்பக் கூடாது. மின்மினிக்கு லூசிஃபெரின் என்ற ஒளிதரும் பொருள், அதற்கென்றே ஒரு நொதி என்று தனி ஏற்பாடு உண்டு, அது உயிரொளிர்வு. இங்கே அப்படி ஏற்பாடு எதுவும் இல்லை. ஆக்சிஜன் கொழுப்பையும் புரதத்தையும் தாக்கும்போது கூடுதல் ஆற்றல் ஏறிய மூலக்கூறுகள் உண்டாகி, அவை அடங்குகையில் சிந்தும் மிச்சம்தான் இந்த ஒளி. எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதும் இதே ஆக்சிஜனேற்றத்தால்தான், அதனால் உணவு ஆய்வாளர்களுக்கு இதில் ஆர்வம்.

உணவை ஒளியால் சோதிக்க இன்னொரு வழி, பொருள்மீது ஒரு கணம் விளக்கடித்து, அணைத்து, அது திருப்பி விடும் ஒளி எப்படித் தேய்கிறது என்று பார்ப்பது. பச்சைத் தக்காளியில் பச்சையம் இருப்பதால் இந்தப் பின்னொளி பலமாக வரும். பழுக்கப் பழுக்கப் பச்சையம் சிதைய, ஒளியும் குறையும். காயை நறுக்கவோ பிழியவோ வேண்டாம், சோதித்த தக்காளியை அப்படியே ரசம் வைக்கலாம். ஆனால் அளக்கும் பெட்டி கும்மிருட்டாக இருக்க வேண்டும். குழலையும் குளிர்விக்க வேண்டும், இல்லாவிட்டால் வெப்பத்தால் வரும் போலி எண்ணிக்கை உண்மையை மூழ்கடித்துவிடும்.

சரி, தமிழில்? ஃபோட்டானை ‘போட்டான்’ என்று எழுதினால் யார், எதைப் போட்டான் என்று கேட்கத் தோன்றும். துகளுக்கு ‘உயிரொளியன்’ பொருந்தும். நிகழ்வுக்கு ‘மீமெல்லொளி உமிழ்வு’, விளக்கணைத்த பின் வருவதற்குப் ‘பின்னொளிர்வு’ என்பது என் பரிந்துரை. உயிரொளி என்று மட்டும் வைத்தால், ‘உணவின் உயிராற்றலை அளக்கிறோம்’ என்று கருவி விற்பவர்களுக்கு வசதியாகப் போய்விடும். குழல் எண்ணுவது வெறும் ஒளித்துகளைத்தான், அந்த எண் பழுத்ததைச் சொல்கிறதா அழுகலைச் சொல்கிறதா என்பதை ஒவ்வொரு காய்க்கும் வேறு சோதனைகளோடு ஒப்பிட்டுத்தான் முடிவுசெய்ய முடியும்.