எதற்கெடுத்தாலும் ஃபார்மேட்!

மறுபடியும் ஒரு வியாபாரி, மறுபடியும் அதே கதை. இந்த முறை நூல் கடை. காலையில் கடையைத் திறந்து கணினியைப் போட்டிருக்கிறார். விண்டோஸ் சின்னம் வந்தது, புள்ளிகள் சுற்றின, நீலத்திரை மின்னி மறைந்தது, கணினி தானாக மறுபடி தொடங்கியது. மதியம் வரை இதே சுற்றுதான். தெரிந்த பையன் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "விண்டோஸ் போய்விட்டது அண்ணா, ஃபார்மேட் போட்டுவிடலாம்" என்றிருக்கிறார். டிஸ்க்கை அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டும்விட்டார். மாலை வரை கணினி அருமையாக ஓடியது. டேலி மென்பொருளில் இருந்த கடைக் கணக்குகள் மட்டும் இல்லை. இரவு மெயினை அணைத்துவிட்டுப் போனவர் மறுநாள் வந்து பார்த்தால், அதே நீலத்திரை. அதற்குப் பிறகுதான் பெட்டி என் மேசைக்கு வந்தது.

மதர்போர்டில் இருக்கும் வட்ட பேட்டரியைக் கழற்றி மல்டிமீட்டரில் பார்த்தேன். 3 வோல்ட் காட்ட வேண்டியது, 2 வோல்ட்டைக்கூடத் தொடவில்லை. கோளாறு அவ்வளவுதான். சிஆர்2032 என்று கேட்டால் கைக்கடிகாரக் கடையிலேயே நூறு ரூபாய்க்குள் கிடைக்கும்.

அந்த பேட்டரி செத்தால் தேதி மட்டும்தான் மாறும் என்று பலர் நினைக்கிறார்கள். பல கணினிகளில், பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே எழும், மதர்போர்டின் சொந்த நிரலில்) இருக்கும் மற்ற அமைப்புகளும் பழையபடி ஆலையில் வைத்த நிலைக்குப் போய்விடும். அவற்றில் ஒன்று, டிஸ்க்கை எந்த முறையில் இணைப்பது என்பது. இந்த நூல் கடைக் கணினியில் விண்டோஸ் நிறுவப்பட்டது ஏஎச்சிஐ முறையில். பயாஸ் திரும்பிப் போனது ரெய்டு முறைக்கு. விண்டோஸால் தன் டிஸ்க்கையே பார்க்க முடியவில்லை, விழுந்தது. 'இன்ஆக்சசிபிள் பூட் டிவைஸ்' என்று நீலத்திரையிலேயே எழுதியிருந்தது. படிக்கத்தான் ஆளில்லை. பேட்டரியை மாற்றி, பயாஸில் அந்த ஒரு வரியைத் திருத்தியிருந்தால் பழைய விண்டோஸே கணக்குகளோடு எழுந்திருக்கும்.

ஃபார்மேட் போட்டதும் ஏன் ஓடியது? விண்டோஸ் நிறுவும்போது டிஸ்க் தெரியவில்லை என்று பையன் பயாஸில் இணைப்பு முறையை ஏஎச்சிஐக்கு மாற்றியிருக்கிறார். உண்மையில் சரிசெய்தது அந்த மாற்றம்தான். பெயர் ஃபார்மேட்டுக்குப் போய்விட்டது. (ஒரு கொசுறு: மின்சாரம் இருக்கும்வரை பயாஸ் கடிகாரம் பேட்டரியை அதிகம் தொடாது. தினமும் மெயினை அணைக்கிற கடைகளில் முழுச் சுமையும் பேட்டரி மேல்தான். இந்தக் கோளாறு வீடுகளைவிடக் கடைகளில் ஏன் அதிகம் வருகிறது என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.)

இதை எத்தனை முறை சொன்னாலும் போதவில்லை. விண்டோஸ் என்பது டிஸ்க்கில் இருக்கும் கோப்புகள். ஃபார்மேட் அந்தக் கோப்புகளை அழித்துப் புதிதாக எழுதுகிறது. வேறு எதையும் செய்வதில்லை. கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸில் கெபாசிட்டர் உப்பியிருந்தால் அதைத் தட்டையாக்காது. ரேமில் படிந்த பாசியைத் துடைக்காது. ப்ராசசர் மேல் காய்ந்துபோன, சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டை ஈரமாக்காது. பவர் பொத்தானை அழுத்திய சில நொடிகளில், திரையில் ஒன்றுமே வராமல் அணைந்துபோகும் கணினிக்கு ஃபார்மேட் போடச் சொல்கிறவர்களையும் பார்க்கிறேன். விண்டோஸ் இன்னும் உள்ளேயே நுழையவில்லை ஐயா, அது எப்படிக் குற்றவாளி ஆகும்?

"டி டிரைவில் இருப்பது போகாதே" என்பது அடுத்த சமாதானம். உங்கள் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாம் நீங்கள் மாற்றாதவரை, ஃபார்மேட் அழிக்கிற சி டிரைவில்தான் இருக்கின்றன. டேலி தரவும் பெரும்பாலும் அங்கேதான். "அழிந்ததை மீட்கலாமே" என்பார்கள். பழைய ஹார்டு டிஸ்க்கில் கொஞ்சம் நம்பிக்கை உண்டு. எஸ்எஸ்டியில், ஃபார்மேட் போட்டதும் டிரிம் கட்டளை (இந்த இடங்களைத் துடைத்துவிடு என்பது) டிஸ்க்குக்குப் போய்விடுவதால், அநேகமாக ஒன்றும் மிஞ்சாது. நூல் கடைக்காரரிடம் இருந்தது எஸ்எஸ்டி.

2024 ஜூலை 19 நினைவிருக்கிறதா? கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் ஒரு பழுதான புதுப்பிப்பால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் இதேபோல் தொடங்கும்போதே விழுந்தன. விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். தீர்வு என்ன? பெரும்பாலான கணினிகளில், சேஃப் மோடில் (அத்தியாவசியமானவற்றோடு மட்டும் விண்டோஸ் எழும் நிலை) போய் ஒரே ஒரு கோப்பை நீக்குவது. அன்றைக்கு எல்லோரும் ஃபார்மேட்டில் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே முதலில் கவனிக்க வேண்டியது, கணினி எந்த இடத்தில் விழுகிறது என்பது. எதுவும் வராமலே அணைந்தால் எஸ்எம்பிஎஸ், சூடு, ரேம். பீப் ஒலி வந்தால் எத்தனை, நீளமா குட்டையா என்று எண்ணுங்கள். விண்டோஸ் சின்னத்துக்குப் பிறகு விழுந்தால் டிஸ்க், டிரைவர், பயாஸ் அமைப்பு. கடவுச்சொல் போட்ட பிறகு விழுந்தால், கடைசியாக எதை நிறுவினீர்கள் என்று யோசியுங்கள். நீலத்திரை மின்னி மறைகிறதா? கைபேசியில் காணொளி எடுத்து நிறுத்திப் படியுங்கள்.

சில முறை விழுந்த பிறகு விண்டோஸ் தானே பழுதுநீக்கும் திரையைக் காட்டும். அங்கே 'டிரபிள்ஷூட்' என்பதை அழுத்தினால் கண்ணில் முதலில் படுவது 'ரீசெட் திஸ் பிசி'. அதைத் தொடாதீர்கள். 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய், 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்' வழியாக சேஃப் மோடை முயலுங்கள். பயாஸில் கை வைக்கும் முன் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) இருக்கிறதா என்று பாருங்கள்; 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு வழிமறிக்கும், உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருக்கலாம். பெட்டியைத் திறப்பதென்றால் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டுத் திறங்கள். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் திறக்காதீர்கள். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அது அடிக்கும்.

ஹார்டு டிஸ்க்கில் டிக் டிக் என்று சத்தம் கேட்டால், தயவுசெய்து, திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காதீர்கள். டிஸ்க்கைச் சோதிக்கும் செக்டிஸ்க் நிரலை ஓட்டாதீர்கள். அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு முறை போடும்போதும் மீட்கக்கூடியது குறைந்துகொண்டே போகும்.

யாரிடம் பழுதுபார்க்கக் கொடுத்தாலும், "என்னைக் கேட்காமல் டிஸ்க்கில் எதையும் அழிக்கக் கூடாது" என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். முகம் சுளிக்கிறவரிடம் கொடுக்காதீர்கள். அப்புறம், மானிட்டரையும் கீபோர்டையும் தூக்கிக்கொண்டு வர வேண்டாம், பெட்டி மட்டும் போதும்.