பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கம்

தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளையில் என் நோட்டரி மேசைக்கு வரும் காகிதங்களில் பாதிக்கு எப்படியாவது கல்ஃப் தொடர்பு இருக்கும். செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் பாறசாலையிலிருந்தும் வருவார்கள், இந்தப் பக்கம் மார்த்தாண்டத்திலிருந்தும் வருவார்கள். ஒரு நாள் பாறசாலையிலிருந்து ஒரு பெண்ணும் அவளுடைய கொழுந்தனும் வந்தார்கள். கணவர் சவுதியில் தொழிலாளர் கேம்பிலேயே இறந்து நான்கு நாள் ஆகியிருந்தது.

"எம்பசிக்கு ஒரு சம்மதக் கடிதம் வேணுமாம் சாரே, இன்னிக்கே அனுப்பணும்" என்றான் கொழுந்தன்.

கடிதம் அடிக்கப் பத்து நிமிடம் போதும். உடலை ஊருக்கு அனுப்புவதா அங்கேயே அடக்குவதா, அங்கே யார் நின்று காரியம் பார்ப்பது, இவ்வளவுதான் எழுத வேண்டும். பாஸ்போர்ட் நகலைக் கேட்டேன். செல்போனில் காட்டினான். கடைசிப் பக்கத்தில் அப்பா பெயரும் அம்மா பெயரும் இருந்தன. மனைவி பெயருக்கு நேரே ஒன்றும் இல்லை. கல்யாணத்துக்கு முன்பு எடுத்த பாஸ்போர்ட். அதில் அப்பா பெயர் முழுதாகச் சேர்ந்திருந்தது. அவளுடைய ரேஷன் கார்டிலோ அவர் பெயர் ஒற்றை இனிஷியலோடு, மலையாளத்தில். இரண்டும் ஒரே ஆள் என்று ரியாத் எம்பசியில் உட்கார்ந்திருப்பவருக்கு எப்படித் தெரியும்? மேல்புறம் பக்கத்தில் கல்யாணம் நடந்த சர்ச்சில் சர்ட்டிபிகேட் வாங்கி, பெயர் வித்தியாசத்துக்கு ஒரு அஃபிடவிட் போட்டு அனுப்புவதற்குள் ஒன்பது நாள் போய்விட்டது.

'எம்பசிக்காரன் ஒண்ணும் செய்யமாட்டான்' என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். செய்ய முடியாதவை உண்டுதான். அந்த நாட்டுக் கோர்ட்டில் தலையிட முடியாது, கடனை அடைக்க முடியாது, வேலை வாங்கித் தர முடியாது. ஆனால் பாஸ்போர்ட் தொலைந்தவருக்கு ஊர் திரும்ப எமர்ஜென்சி சர்ட்டிபிகேட் தருவார்கள். கையில் காசில்லாமல் மாட்டிக்கொண்டவருக்குத் தங்குமிடம், டிக்கெட், உடலை அனுப்பும் செலவு போன்றவற்றுக்கு 2009 முதல் இந்தியச் சமூக நல நிதி இருக்கிறது. தகுதி பார்த்துத்தான் கொடுப்பார்கள். சவுதி தொழிலாளர் சட்டப்படி உடலை அனுப்பும் செலவு முதலாளியுடையது. அவர் கைவிரித்தால்தான் இந்த நிதிக்குப் போக வேண்டும்.

கைதானாலும் ஒரு வழி இருக்கிறது. 1963 வியன்னா ஒப்பந்தத்தின் 36-வது பிரிவுப்படி, பிடிபட்டவர் கேட்டால் தாமதமில்லாமல் நம் தூதரகத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். தூதரக அதிகாரி சிறையில் வந்து பார்க்கலாம், வக்கீலுக்கு ஏற்பாடு செய்யலாம். விடுவித்துக் கூட்டி வர மட்டும் முடியாது. இதில் 'கேட்டால்' என்ற வார்த்தையைக் கவனியுங்கள். விமானம் ஏறும் முன் 'இந்தியன் எம்பசி' என்ற இரண்டு வார்த்தையைச் சொல்லிக் கொடுத்து அனுப்புங்கள். வீட்டிலிருந்து புகார் கொடுக்க வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளம் 2015-லிருந்து இருக்கிறது. பாஸ்போர்ட் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

அப்புறம், எல்லைக்காரர்களுக்கே உரிய ஒரு குழப்பம். வெளிநாடு போனவர்களைக் கவனிக்கக் கேரளத்தில் நோர்க்கா என்ற அரசுத் துறை இருக்கிறது, நம் பக்கம் அயலகத் தமிழர் நலத்துறை இருக்கிறது. எதைத் தட்டுவது என்று அலைந்தே இரண்டு நாளை விடுகிறார்கள். தூதரகம் மத்திய அரசுடையது, கேரளத்து நெய்யாற்றின்கரையா தமிழ்நாட்டு விளவங்கோடா என்று அது பார்க்காது. முதலில் அங்கே எழுதிவிட்டு, பிறகு மாநிலக் கதவுகளைத் தட்டுங்கள்.

பத்தாம் வகுப்பு முடிக்காமல் எமிக்ரேஷன் கிளியரன்ஸ் (வெளிநாட்டு வேலைக்குப் போக அரசு தரும் அனுமதி) எடுத்துப் போகிறவர்களுக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற இன்ஷூரன்ஸ் கட்டாயம். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய் பிரீமியம், விபத்தில் இறந்தால் 10 லட்சம். அந்தப் பாலிசி பிரதி பெரும்பாலும் போனவரின் பெட்டியோடு போய்விடும், வீட்டில் யாருக்கும் தெரியாது. விசிட் விசாவில் வேலைக்குப் போனவருக்கு இந்தக் கிளியரன்ஸும் இல்லை, பாலிசியும் இல்லை.

மனைவி பெயரைப் பழைய பாஸ்போர்ட்டிலேயே எழுதிச் சேர்க்க முடியாது, புதுப் பாஸ்போர்ட்டுக்கு ரீ-இஷ்யூ போட வேண்டும். அங்கே இருப்பவர் தூதரகம் வழியாகவே போடலாம்.

அந்தப் பெண்ணுக்கு உடல் வந்து சேர்ந்த மறுவாரம் வாட்ஸ்அப்பில் கம்பெனி ஆள் ஒரு காகிதம் அனுப்பினார். ஆங்கிலத்தில் நான்கு வரி, கையெழுத்து மட்டும் போதும் என்றாராம். படித்துப் பார்த்தேன். சம்பள பாக்கி, வேலை பார்த்த காலத்துக்கான சர்வீஸ் பணம் எல்லாம் வாங்கியாயிற்று, இனி ஒரு கோரிக்கையும் இல்லை என்று இருந்தது. ஒரு ரியால்கூட அவளுக்கு வந்திருக்கவில்லை. அந்தக் காகிதத்தை அப்படியே தூதரகத்துக்கு அனுப்பிவிட்டு, வாரிசுச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்தோம்.